மூணாம் நம்பர் கவுண்டர்

நாலாவது முறையாகக் கடைக்குப் போய்த் திரும்பிய மிக்ஸி, போகும்போது இருந்த கோளாறை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. முதல் தடவை திரும்பி வந்தபோது ஓடவே இல்லை. அப்புறம் ஓடியது, மூடி உட்காரவில்லை. மூடி உட்கார்ந்ததும் ஜார் ஆடியது. இப்போது, சுவிட்சை அணைத்தாலும் பிளக்கைப் பிடுங்கும் வரை அலறியது.

“வியாழக்கிழமை மறுபடி கொண்டு போறேங்க” என்றாள் மனைவி. குரலில் வருத்தம் என்று மருந்துக்கும் இல்லை.

மனு சாருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மனு சார் என்பது தெரு வைத்த பெயர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, எதிர்வீட்டு நாய் என்று ஒன்று விடாமல் மனு எழுதித் தள்ளியவர். அதில் நாய் மட்டும்தான் பதில் கொடுத்தது, கெண்டைக்காலில்.

மனுஷன் மனு எழுதாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்த பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் குடித்தனம் போனவன். “இனி இந்த வீட்டுல அவன் பேச்சை எடுக்கக் கூடாது” என்று உத்தரவு போட்டார். கல்யாணப் போட்டோ வைத்து வந்த கவரைப் பிரிக்காமலே பீரோ மேல் விட்டெறிந்தார். மருமகள் நெட்டையா குட்டையா என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நமக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பீரோ மேல் விரல் கனத்துக்குத் தூசி கிடந்தது. கவர் மேல் மட்டும் கிடையாது. மனைவியின் சுத்தம் அப்படி என்று எண்ணிக்கொண்டார்.

உத்தரவு போட்டவர் ஒழுங்காக இருந்தாரா? சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் போதும், பேப்பர் கீழே இறங்கும். மாடி வீட்டுக்காரராக இருக்கும். பேப்பர் மறுபடி மேலே ஏறும். அது காலையிலேயே இரண்டு தடவை படித்து முடித்த பேப்பர்.

அந்த மிக்ஸி, மகன் முதல் சம்பளத்தில் வாங்கியது. வாங்கிய அன்று அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்த்தான். “தண்ணிய எதுக்குடா அரைக்கிற? மாவாகிடுமா?” என்று மனு சாரே சிரித்தார். அந்த வீட்டில் அவர் கடைசியாகச் சத்தம் போட்டுச் சிரித்தது எப்போது என்று கேட்டால், அதற்கப்புறம் நாமும் கேட்டதில்லை.

“அந்தக் கடையில யாருதான் இதைப் பார்க்கிறா?” என்றார் இப்போது.

“மூணாம் நம்பர் கவுண்டர்ல ஒரு பொண்ணு. நல்ல பொண்ணுங்க. சாருக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டுது.”

“மிக்ஸி கடைக்காரிக்கு என் முட்டி எதுக்கு?”

“அதுதாங்க கஸ்டமர் சர்வீஸ்!”

மனு சார் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார். ‘தங்கள் மூன்றாம் எண் கவுண்டரின் அலட்சியம் குறித்து’ என்று ஆரம்பித்து, மின்விபத்து, உயிர்ச்சேதம் வரை போய் நின்றது. கடையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: அசல் பில்லோடு நேரில் வரவும்.

பில் மகனின் மேஜை டிராயரில் இருந்தது. எடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். மனு சாருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மனைவி எட்டிப் பார்த்தபோது அவன் கட்டில் ஓரத்தில், அவனுடைய பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பில் கிடைச்சுதாங்க?”

“தேடிட்டுத்தான் இருக்கேன்” என்றார். பில் மடியில் இருந்தது.

அந்தச் சூட்டோடு, இனிக் கடை எதற்கு, நாமே பார்த்துவிடுவோம் என்று திருப்புளியோடு உட்கார்ந்தார். திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சமாயிற்று. ஆனாலும் மிக்ஸி அம்சமாக ஓடியது, சொன்னவுடன் நின்றது. மனைவி முகம்தான் ஏனோ விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஜாரை உட்கார வைக்கும் கப்ளரையே காணோம்.

“எங்க போச்சு?”

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“எலி திருப்புளி வச்சா கழட்டுச்சு?”

“எனக்கென்னங்க தெரியும்? வியாழக்கிழமை கொண்டு போறேன்.”

“நானும் வரேன்.”

அவள் கொஞ்சம் வெளிறித்தான் போனாள். ஆனாலும் வியாழக்கிழமை இஸ்திரி போட்ட புடவை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள். பையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு டிபன் டப்பாவும் ஏறியது.

“இது யாருக்கு?”

“வரிசையில நிக்கணுமே, பசிக்காதா?”

கடையில் மூணாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால்தான் வரிசை நீளம். ஒன்றிலும் இரண்டிலும் ஆளே இல்லை. “அங்க போலாம் வா” என்று அவர் இழுக்க, “இங்கேயே நிப்போம்” என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஒரு பெண். அவரைக் கண்டதும் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

“என்னம்மா, மறுபடியும் வந்துட்டீங்களா?” என்று மனைவியைக் கேட்டாள். ஐந்தாம் முறை வந்தவரை இப்படிச் சந்தோஷமாகக் கேட்கும் கடையை மனு சார் கண்டதில்லை.

“மேனேஜரைக் கூப்பிடு” என்றார்.

மேனேஜர் அந்த நாலு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். “சார், மன்னிக்கணும். இதை வச்சுக்கிட்டு உங்களுக்குப் புதுசே கொடுத்துடறோம். பெட்டி பிரிக்காதது.”

மனு சார் வெற்றிப் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எனக்குப் புதுசு வேணாம். இதையே ரிப்பேர் பண்ணிக் கொடுங்க.”

“ஏம்மா, சும்மா கொடுக்கிறாங்கம்மா!” என்றார் மனு சார்.

“வேணாங்க. இதுதான் வேணும்.”

ஏன் என்று மனு சாருக்குப் புரிந்துவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்தது. விட மனசு வரவில்லை, பாவம். அவருக்கும் திடீரென்று அந்தப் புதுப் பெட்டி வேண்டாதது போலாகிவிட்டது. உள்ளங்கை அழுத்திய மூடி அதில் இருக்காது. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கோபத்தை இறக்க வேறு இடம் தேடினார்.

“சரி, இதையே ரிப்பேர் பண்ணுங்க. ஆனா இந்தப் பொண்ணு கைல மட்டும் கொடுக்காதீங்க.”

“கொடுக்கவே மாட்டோம் சார். உங்க புகாரைப் பார்த்துட்டு மேலிடத்துல அவங்களை வேலையை விட்டே எடுக்கச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு விளக்கம் கேட்டுட்டு அனுப்பிட வேண்டியதுதான்.”

மனைவி பொலபொலவென்று அழுதுவிட்டாள். வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க! உங்களை யாரு எழுதச் சொன்னா?”

“ஒரு மிக்ஸிக்காக ஏம்மா இப்படி அழற?” மனு சார் திணறினார். ஒரு பெண்ணின் வேலை போகும் என்று அவர் நினைத்தா எழுதினார்? இத்தனை வருஷத்தில் அவர் மனுவுக்குப் பலன் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அது இவ்வளவு கசக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். “சொல்லும்மா. சர்வீஸ் ரூம்ல எல்லாத்தையும் சரி பண்ணித்தான் உன்கிட்ட அனுப்பறாங்க. உன் மேஜையைத் தாண்டும்போது மட்டும் எப்படி கோளாறு வருது? சரியா இருக்கிறதை அப்படியே கொடுக்க உனக்கு என்ன கஷ்டம்?”

அந்தப் பெண் மேனேஜரைப் பார்க்கவில்லை. மிக்ஸிப் பையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மனு சாரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“சரியா கொடுத்துட்டா அத்தை அப்புறம் எதுக்கு வருவாங்க, மாமா?”