இரண்டாள் உயரத்தில் ஒரு முகம்

கையில் இருக்கிற கொஞ்ச வித்தையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனிதனால் முடிவதில்லை. அதைப் பெரிதாகக் காட்டப் போய்த்தான் பலர் மூக்குடைபடுகிறார்கள். நான் உடைத்துக்கொண்டது இரண்டாள் உயர முகத்தில்.

அறுபதுகளில் திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் தீட்டிக்கொண்டிருந்தேன். நாக்கில் நனைத்துக் கூராக்கிய பிரஷால் அரிசியளவு உதட்டுக்குச் சிவப்பு வைப்பேன். (மூச்சை அடக்கித்தான். விட்டால் மணமகளுக்கு மீசை.) துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது ஒரு தொழிலாகவே படவில்லை. அங்கே களஞ்சியத்தில் எனக்கொரு கிளாக்கர் வேலை பேசி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தியேட்டர் முதலாளி, புதுப்படத்துக்கு முகப்பில் மாட்டக் கதாநாயகியின் முகத்தை இரண்டாள் உயரத்துக்குப் படமாகக் கீறித் தரச் சொன்னார். சரிவந்தால் நிரந்தர வேலை. அப்பாவும் இறங்கி வந்தார்.

"இது சரிவந்தால் நான் வாயே திறக்கமாட்டன். இல்லாட்டி திங்கட்கிழமை என்னோட துறைமுகத்துக்கு வரோணும்."

எங்கள் விறாந்தையில் ஒரு பலகைக்குத்தான் இடம். முகத்தைப் பலகை பலகையாகப் பிரித்து, குந்தியிருந்து, அதே ஸ்டூடியோ பிரஷால் தீட்டினேன். இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனி. கன்னத்துப் பூனைமயிரைக்கூட விடவில்லை. சின்னப் படத்துக்கு விரல் போதும், பெரிய படத்துக்குத் தோள் வேண்டும், எட்டப் போய்ப் பார்க்கக் காலும் வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? எட்டப் போனால் குசினிச் சுவர்.

வெள்ளிக்கிழமை பலகைகளைப் பொருத்தி மேலே ஏற்றினார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று முழு முகத்தையும் முதன்முதலாகப் பார்த்தேன். நான் உயிரைக் கொடுத்துத் தீட்டிய ஒன்றுமே அங்கிருந்து தெரியவில்லை.

"தம்பி, கண் எங்க? அவிச்ச முட்டை மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் முதலாளி.

"இருக்கு முதலாளி, கிட்ட வந்து பாருங்கோ!"

"டிக்கெட் எடுக்க வாற சனத்தையெல்லாம் ஏணியில ஏத்தச் சொல்லுறீரோ?"

பதறிப்போய், வெள்ளையடிக்கிற பிரஷைக் கறுப்பில் தோய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் புருவம் எது, மூக்கு எது என்றே பிடிபடவில்லை. புருவம் என்று நினைத்துக் குத்துமதிப்பாக ஓர் இழுவை இழுத்தேன். கீழே சனம் ஆரவாரித்தது. பாராட்டுத்தான் என்று மற்றப் பக்கமும் இழுத்தேன்.

"வில்லன் வந்திட்டான்டா!"

இறங்கிப் பார்த்தேன். அந்த அப்பாவிப் பெண்ணின் மூக்குக்குக் கீழே முறுக்கு மீசை. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்பா கூட்டத்தில் நின்றதை அப்போதுதான் கண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். முகம் முட்ட நின்று நெடுநேரம் பார்த்தார். இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"கண் நல்லாத்தான் இருக்கு, தம்பி. திங்கட்கிழமை நேரத்தோட எழும்பு."

எழும்பினேன். ஓய்வு பெறும்வரை எழும்பிக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கறி கருகினாலும், பிள்ளைகள் பரீட்சையில் கோட்டைவிட்டாலும், "கண் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். எல்லோரும் சிரிப்போம். நான் மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பேன்.