ஐம்பது வருஷம் கழித்து ஆம்பூர்

சௌந்தர்யா கதையைப் படித்து முடித்தபோது யாரும் பயப்படவில்லை. பக்கத்தில் இருந்த நசீமுன்னிசா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அடுத்த வாய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

இருவரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள். தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்து தண்ணீர் கெட்டுப்போன ஊருக்கு நல்ல தண்ணீர் கேட்டு சௌந்தர்யா ஒரு மனு எழுதியிருந்தாள். கூட வேலை செய்யும் நாற்பது பேரில் மூன்று பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்கள். வரப்போவதைக் கண்ணில் காட்டினால்தான் உறைக்கும் என்று, ஐம்பது வருஷம் கழித்து நடப்பதாக ஒரு கதை எழுதி, சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். அதில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும்.

"எங்க தெருவுல பன்னெண்டு நாளு," என்றாள் நசீமுன்னிசா. "உன் கதையில பரவால்லயே."

மறுநாள் சௌந்தர்யா கதையில் கிணற்றுத் தண்ணீரை மஞ்சளாக்கினாள். வாட்ச்மேன் பச்சையப்பன், தன் கல்யாணத்தின்போதே ஊர்க் கிணறு அந்த நிறம்தான் என்றார்.

அதற்கு அடுத்த நாள் கதையில் ஆட்கள் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார்கள். போன வாரம் மெஷினிலேயே மயங்கி விழுந்த கௌசருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைப் பத்தி எழுதறதுன்னா ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றவள், மனுவில் போட்டிருந்த கையெழுத்தை அடித்துவிட்டாள்.

சௌந்தர்யாவுக்கு வெறுத்துப் போயிற்று. எதை யோசித்தாலும் அது ஏற்கெனவே யாருக்காவது நடந்து முடிந்திருந்தது. பயமுறுத்த அவளிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுவதாக எழுதினாள். அடியில் மணல் தெரிந்தது. மீன்கள் துள்ளின. குளிர்ந்த காற்று வீசியது.

திங்கட்கிழமை அதைப் படித்தாள். நசீமுன்னிசாவின் கை சோற்றிலேயே நின்றது. கௌசர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் சமயம் என்று சௌந்தர்யா மனுவை எடுத்து நீட்டினாள்.

தோல் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"ஏம்மா, ஆத்துத் தண்ணி அவ்ளோ சுத்தமா ஆயிடுச்சுன்னா, அப்போ நாம எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போய்ட்டமா?"