மணக்காத சாராயம்

தாமல் ஏரிக்கரையில் கல் சுமக்கிற வேலையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். விட்டுவிட்டு என்பது கொஞ்சம் மரியாதையான வார்த்தை. மேஸ்திரி கையை ஓங்கினார், நான் கூடையை அவர் காலடியில் போட்டேன், அதற்குப் பிறகு நான் அங்கே நிற்பதில் இரண்டு பேருக்குமே விருப்பம் இல்லாமல் போயிற்று. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான். புளியமர நிழலாகப் பார்த்து நடந்தால் பசி சற்றுக் குறைவாகத் தெரியும். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவனுக்கு இந்த மாதிரிப் பாடங்கள்தான் கைவசம்.

அந்த நடையின் முடிவில் நான் சந்தித்த ஆளைப் போல ஒருவர் இந்த உலகத்தில் கிடையாது. மதராசிலிருந்து நாகர்கோவில் வரை சுற்றியிருக்கிறேன். மதுவிலக்கு அமலில் இருந்த அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் பல பேரைத் தெரியும். ஆனால் சாராய நாற்றம் பிடிக்காமல் சாராயம் காய்ச்சியவர் அவர் ஒருவர்தான். எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சாப்பாட்டு ஓட்டலின் பின்பக்கம் போய் நின்றேன். பசித்தவன் முன்பக்கம் போவதில்லை. அங்கே ஒல்லியாக, மூக்கு மட்டும் தாராளமாக வைத்த ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குவித்துக் கிடந்த கொட்டாங்கச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். பிடித்ததைச் சாக்கில் போட்டார். பிடிக்காததை விட்டெறிந்தார்.

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "யோவ் வடிகட்டி, எரிச்சா எல்லாம் கரிதான்யா. அதுல இன்னா மோந்து பாத்துக்கினு இருக்கற?"

"உன் சாம்பாரும் எரிச்சா கரிதான். எரிக்கறதுக்கு முன்னாடி மனுசன் மோந்து பாக்கறான் இல்ல?"

சமையல்காரர் உள்ளே போய்விட்டார். வடிகட்டி என்னைப் பார்த்தார்.

"மூட்டை தூக்குவியா?"

"சோறு போட்டா தூக்கறேன்."

எழுந்து கிட்டே வந்து என் தோள்பட்டையை முகர்ந்தார். "வெங்காயம் துன்ற பழக்கம் இருக்குதா?"

"கெடைச்சா துன்னுவேன்."

"கெடைக்காது. வா."

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவருடைய வீடு பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் இருந்தது. பெயர் யாருக்கும் தெரியாது. சந்தே வடிகட்டி என்றுதான் சொல்லும். சோறு போட்ட ஆள் என்பதால் நான் அப்பா ஸ்தானத்தில் நைனா என்று கூப்பிட்டேன்; சரக்குக்கு வருகிறவர்களும் நேரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்னால் சாயப்பட்டறையில் கச்சாப் பட்டு நூலைச் சோடாவில் வேகவைத்துப் பசை எடுக்கிறவராக இருந்தவர். பட்டு வேகும்போது செத்த புழுவின் வாடை வரும். பட்டறையில் எல்லோருக்கும் அது பழகிப் போகும். இவருக்குப் பழகவே இல்லை. கல்யாண வீட்டில் புதுப் புடவை கட்டிய பெண்கள் பக்கத்தில் வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாராம். அந்த வேலை போனதற்கு அது ஒரு காரணம்.

பிறகு சாராயத்துக்கு வந்தார். வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சினார். இரண்டு தடவை மாட்டிக்கொண்டார். இரண்டு தடவையும் காட்டிக்கொடுத்தது நாற்றம்தான். இரண்டாவது தடவை மாஜிஸ்ட்ரேட், இன்னொரு முறை இதே குற்றத்துக்கு வந்தால் வேலூர் பெரிய ஜெயில்தான், சீக்கிரம் திரும்ப முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் நாற்றத்தை உறிஞ்சக் கரி. ஜெயிலுக்குப் பயந்து ஆரம்பித்தது அது. பாதி வழியில் மனுஷன் ஜெயிலை மறந்துவிட்டு நாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கொட்டாங்கச்சியைக் குழியில் போட்டு, புகை அடங்கியதும் மண்ணால் மூடி, கரியாக்க வேண்டும். உரலில் இடித்து ரவை பதத்துக்குச் சலிக்க வேண்டும். மாவாகப் போனது ஆகாது. ரவையை அரிசி களைவது மாதிரி களைய வேண்டும், தண்ணீர் தெளியும்வரை. தெளிந்துவிட்டது என்று நான் சொன்னால் போதாது. அவர் வந்து பார்த்து, "இது தெளிவா? உன் கண்ணுல பூ விழுந்துக்குதா?" என்று கேட்டு, மறுபடியும் களையச் சொல்வார். அடியில் ஓட்டை போட்ட பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டைக்குப் பட்டுத்துணியால் அடைப்பு வைத்து, அதன்மேல் கரியை நிரப்பி, தோப்பில் காய்ச்சிக் கொண்டுவந்த சரக்கில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மேலே ஊற்றுவார். அது கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும். வேகமாகச் சொட்டினால் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து தொடங்குவார்.

"அவசரப்பட்டா நாத்தம் போவாதுபா. அது விருந்தாளி மாதிரி. மெதுவாத்தான் கெளப்பணும்."

இத்தனைக்கும் அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. முகர்ந்து பார்ப்பதோடு சரி. முகர்ந்துவிட்டு, "இன்னும் இருக்குது" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. மறுபடியும் மேல் பானையில் ஊற்றுவார்.

சரக்கு நன்றாக வரவர வியாபாரம் மோசமாயிற்று. போலீஸ்காரர் வழியில் நிறுத்தி வாயை ஊதச் சொன்னால் தைரியமாக ஊதலாம் என்று முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நம் ஆட்கள் போதையைப் பாதி மூக்கால்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். அடுத்த சந்தில் தறி நெய்த தேசிங்கு வந்து உட்கார்ந்து அழாக்குறையாகச் சொன்னான்:

"நைனா, நேத்து குடிச்சிட்டு வூட்டுக்குப் போனேன். எப்பவும் என் பொண்டாட்டி வாசல்லயே மோப்பம் புடிச்சிட்டு ஒதுங்கி நிப்பா. ஒரு மரியாத இருந்துச்சு. நேத்து, 'சீக்கிரம் வந்துட்டியா, நல்லதாப் போச்சு'ன்னு சொல்லி கையில கெரசின் டின்ன குடுத்து கியூவுல நிக்க வெச்சிட்டா. நான் சத்தம் போட்டாலும், 'ஒடம்புக்கு இன்னா?'ன்னு கேக்கறா. இதுக்கா குடிக்கறது?"

"நாத்தம் வேணும்னா குட்டையில போய் குளி. எங்கிட்ட வராத."

"கொஞ்சமா உட்டு வையேன் நைனா."

"கொஞ்சமா நாத்தமா? கோயில் கெணத்துல கொஞ்சமா சாக்கடைய உடுவியா?"

அடுத்த தடவை தேசிங்கு ஒரு துண்டுக் கருவாட்டை மடியில் கொண்டுவந்து, அதை முகர்ந்துகொண்டே குடித்துப் பார்த்தான். அதைக் கண்டுபிடித்த வடிகட்டி அவனை ஒரு வாரம் வாசற்படி ஏற விடவில்லை.

இன்னொரு கூத்து. ஒரு நாள் அடைப்புத் துணி கிழிந்துவிட்டது. சாயப்பட்டறைக் குப்பையில் கிடந்த ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்து வைத்தேன். அரக்கு நிறம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பார்த்தேன், சாயம் போகவில்லை. காஞ்சிபுரத்துச் சாயமாயிற்றே. தண்ணீருக்குப் பயப்படாத சாயம் சாராயத்துக்குப் பயந்துவிட்டது. கீழ்ப்பானை முழுக்க ரோஜாப்பூ நிறத்தில் இறங்கியிருந்தது. வடிகட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கொட்டுவதற்குள் நாலு பேர் வாங்கிக் குடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தில் வருகிற ஒவ்வொருவனும், "நைனா, அந்த முகூர்த்தச் சரக்கு இருக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தான். "பச்சைல பார்டர் போட்டுக் குடுப்பியா?" என்று ஒருவன் கேட்டான். அன்று உலக்கையை எடுத்துக்கொண்டு அவனைத் தெரு முனைவரை துரத்தினார்.

வாடிக்கைக்காரர்கள் பாராட்டாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. அவருடைய கண் வேறொரு இடத்தில் இருந்தது. மதுவிலக்குப் போலீசில் ஒரு ஏட்டு இருந்தார். மூக்கு ஏட்டு என்றுதான் ஊரே சொல்லும். பாலாற்று மணலில் ஆள் ஆழத்துக்குப் புதைத்த சாராய ஊறல் பானையை, மேலே நடந்துபோகும்போதே கண்டுபிடிக்கிறவர். வடிகட்டியை இரண்டு தடவையும் பிடித்தது அவர்தான். வேறு யாராக இருந்தாலும் அந்த ஏட்டு வருகிற தெருவைவிட்டே ஒதுங்கிப் போவார்கள். இவர் கரி களைந்துகொண்டே ஆசையாகச் சொல்வார்:

"அந்த மூக்கு ஒரே ஒரு தபா என் பானை மேல குனிஞ்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்பா."

"சொல்லலன்னா வேலூரு நைனா."

"அத்த உடு."

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயிலில், இன்ஸ்பெக்டரும் மூக்கு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்துவிட்டார்கள். யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருந்தான். சந்தே வாசலில் கூடிவிட்டது. ஏட்டு நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டிருந்தார். பெருமாளுக்கு விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத நாள். அதனால் ருசி பார்க்க நாக்கு கிடையாது, மூக்கு மட்டும்தான்.

அடுக்கியிருந்த பானைகளை இன்ஸ்பெக்டர் பார்த்தார். "இது இன்னா?"

"தண்ணி வடிகட்டறது சார்," என்று நான் முந்திக்கொண்டேன். கரியும் மணலும் போட்டுக் குடிதண்ணீரை வடிகட்டுகிற வழக்கம் சில வீடுகளில் இருந்ததால் அது பொய்யாகத் தெரியவில்லை.

ஏட்டு கீழ்ப்பானையின் மேல் குனிந்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். நான் வடிகட்டியைப் பார்த்தேன். ஜெயிலை நினைக்கிற முகமே இல்லை அது. பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற முகம்.

"ஒண்ணுமில்ல சார்," என்றார் ஏட்டு. "சுத்தமான தண்ணி. எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி கூட இந்த அளவுக்கு இருக்காது."

வடிகட்டியின் கண்ணில் நீர் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். "இன்னொரு தபா பாருங்க ஏட்டய்யா," என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஏட்டு மறுபடியும் குனிந்து நிமிர்ந்தார். "அட, ஒண்ணுமே இல்லன்னு சொல்றேன்ல."

தப்பித்துவிட்டோம். இன்ஸ்பெக்டர் கிளம்பினார். வாசலைத் தாண்டியவர், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாய்யா ஊரு இது? சாராயம் விக்கறான் சாராயம் விக்கறான்னு பெட்டிஷன் போடறீங்க. இவன் பச்சத் தண்ணிய வித்துக்கினு இருக்கான். நீங்க அத்த குடிச்சிட்டு ஆடறீங்க. இவன உள்ள போடணும்னா ஏமாத்துக் கேசுலதான் போடணும்."

கூட்டம் சிரித்தது. தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அதான் எனக்கு ஏறவே இல்ல," என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான். வடிகட்டியின் முகம் கறுத்துப் போனதைப் பார்த்தேன். "நைனா, வாணாம்," என்றேன். அவர் காதில் விழவில்லை. உள்ளே போனார். ஒரு சொம்பில் மொண்டுகொண்டு தீப்பெட்டியோடு வந்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

வாசல் கல்லின்மேல் ஊற்றினார். குச்சியைக் கிழித்துப் போட்டார். ஒன்றும் தெரியவில்லை. அந்த உச்சி வெயிலில் அவருடைய சரக்கின் தீயும் சரக்கைப் போலவே இருந்தது. நிறமில்லை, புகையில்லை.

"இன்னாடா காட்டற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எரியுது சார். பாருங்க."

"எங்க எரியுது?" என்று ஏட்டு குனிந்து விரலை நீட்டினார். "யம்மா" என்று இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார். பெருமாள் விரதம் அங்கே முடிந்தது.

இன்ஸ்பெக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கான்ஸ்டபிள்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பானைகள் உடைந்தன. கரி ரவை வாசல் முழுக்கச் சிதறியது. ஏட்டு மட்டும் விரலை ஊதிக்கொண்டே வருத்தமாகக் கேட்டார்:

"ஏன்யா இப்படிப் பண்ண? நான்தான் தண்ணின்னு சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னது எனக்குப் பெரிசு ஏட்டய்யா. ஆனா தேசிங்கு நம்பிட்டான் பாருங்க."

தேசிங்கு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இப்பப் பாத்ததுக்கே தலை சுத்துது நைனா," என்றான்.

"பாத்தியா?" என்றார் வடிகட்டி என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் போலீசோடு போனதை நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, "தண்ணி சேந்தறதுக்குக் கூலிக்கு வந்த ஆளு சார், ஒண்ணும் தெரியாது," என்றார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லும்போதெல்லாம் கோபம் வரும். அன்று வரவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்து, "நீ வேற ஊரு பக்கம் போய்டுபா," என்று கையை ஆட்டினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஆற்காடு வண்டி போயிற்று. மதராஸ் வண்டியும் போயிற்று. கண்டக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஒரு ஊரை விட்டுப் போக எனக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அன்று காரணம் இருந்தும் ஏறவில்லை.

மறுநாள் காலை, கேஸ் முடியும்வரை அவரை அடைத்துவைத்திருந்த சப்ஜெயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸ் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஜெயிலுக்குள் போகிற டீயை நான்தான் கொண்டுபோவேன் என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, உள்ள உனக்கு யாருனா சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இருக்காரு," என்றேன்.