நெற்றி இல்லாத வண்டி

நடந்தவை, வரிசைப்படி:

1. தகுதிச் சுற்றில் வண்டி பாதியில் நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஓடியது.
2. இறுதிப் போட்டிக்கு முன் சும்மா ஓட்டிப் பார்த்தபோது மறுபடி நின்றது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஓடியது.
3. இறுதிப் போட்டியில், கரை நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, நின்றது.
4. மாமா என்னைக் காப்பாற்றக் கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். வழியில் விழுந்தார். (வேட்டி தப்பித்தது. மானம் தப்பவில்லை.)
5. நான் கடைசியாக வந்தேன்.

நான் பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இன்ஜினியர். பழுதாகித் திரும்பி வரும் பம்புகளைப் பிரித்துப் பார்த்து, ஏன் பழுதாயின என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. மேலே இருப்பதைப் போலத்தான் எழுதுவேன். 'ஏன்' என்று ஐந்து முறை விடாமல் கேட்டால் எந்தப் பழுதின் வேரும் கைக்கு வந்துவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அதை வகுப்பெடுப்பவளும் நான்தான். பம்பு நின்றால் ஐந்து முறை கேட்கிறவள், என் சொந்த வண்டி நின்றபோது ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

வண்டி பழையது. எங்கள் வண்டியூர் வீட்டுக் கார் ஷெட்டில் (எங்களிடம் கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு) அதன் இன்ஜினை முழுக்கப் பிரித்து நானே கோத்திருந்தேன். வாடிப்பட்டி தாண்டி, தண்ணீர் வற்றிய ஒரு கண்மாயில் மண் பாதை போட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், புதியவர்கள் பிரிவில் பெயர் கொடுத்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அம்மாதான் பெரிதாகத் தெரிந்தாள்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். மோட்டார் சைக்கிளை அவள் போக்குவரத்துச் சாதனமாக நினைப்பதில்லை. தன் வார்டுக்கு ஆள் அனுப்பும் இயந்திரம் என்றே நினைக்கிறாள்.

"விழுந்தாக்கூடப் பரவால்லடி" என்றாள், நான் பெயர் கொடுத்த செய்தியைச் சொன்ன அன்று. "விழுந்தா எந்திரிச்சிரலாம். நடுவுல நிண்டுச்சுண்டா, பின்னாடி வாரவன் ஒம்மேல ஏத்திருவான். அப்படி ஏத்துனவன், ஏத்து வாங்குனவன் ரெண்டு பேருமே என் வார்டுல அடுத்தடுத்த கட்டில்ல கெடக்கானுங்க. ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்குறதில்ல."

"அம்மா, இன்ஜினை நான் கோத்தது."

"அதான் பயமே."

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன், பின்னால் தேவைப்படும்: "கொடி வரைக்கும் போய்ச் சேந்துட்டா நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். நடுவுல நிண்டுச்சுண்டா வண்டிய வித்துரணும்."

சரி என்றேன். இதில் என்ன சிக்கல் வரும் என்று எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை.

அன்று காலை வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன், அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பந்தயம் பிடிக்காது என்பது வேறு. பந்தயத்துக்குப் போகிற வண்டி பொட்டில்லாமல் போகக் கூடாது என்பது வேறு. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவள் நின்றுவிட்டாள்.

"நெத்தி எங்கடி?"

உண்மையிலேயே இல்லை. கண்ணாடி உடைந்து பாதையில் சிதறக் கூடாது என்பதால் பந்தய வண்டிகளில் ஹெட்லைட்டைக் கழற்றிவிட வேண்டும். அது இருந்த இடத்தில் பதினான்கு என்று எழுதிய பலகை இருந்தது.

"இந்தப் பலகைல வைக்கவா?"

"வேணாம்மா. நம்பர் மறைஞ்சா கணக்குல எடுக்க மாட்டாங்க."

"மட்கார்டுல?"

"மண்ணு அடிச்சு நிமிஷத்துல போயிரும்."

"அப்ப நெத்தியே இல்லாத வண்டியிலயா போகப் போற?" அம்மா கிண்ணத்தோடு வழியை மறித்து நின்றாள். லோடு ஆட்டோக்காரர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"டேங்க் மூடி மேல வையேன். நடுவுல, வட்டமா இருக்கு பாரு" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. மூடியின் நட்டநடுவில், அளவெடுத்ததுபோல, கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். அதற்கு முன்பே அப்பா, "போட்டிக்குப் போற வண்டி கொறப் பெட்ரோல்ல போகக் கூடாது" என்று விளிம்பு வரை நிரப்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அன்று ஒவ்வொருவரும் ஒரு பங்கு ஆற்றியிருக்கிறோம்.

கண்மாய்க் கரையில் ஜல்லிக்கட்டுக்கு உட்காருவதைப் போல ஜனம் உட்கார்ந்திருந்தது. மைக் பிடித்தவரும் ஜல்லிக்கட்டுக்குப் பேசிப் பழகியவர்போல. மோட்டார் சைக்கிள் என்ற விவரத்தை அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. "வருது பாரு, வருது பாரு! பிடிமாடா போகுதா, பிடிக்காம போகுதா பாரு மாப்ள!" என்று ஒவ்வொரு வண்டிக்கும் முழங்கினார்.

தகுதிச் சுற்றில் என் வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. சிறிது நேரத்தில் இருமியது. திணறியது. நின்றது.

வண்டி நின்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். முதலில் பெட்ரோல். மூடியை, சந்தனம் கலைந்துவிடாமல் ஓரத்தைப் பிடித்துப் பதமாகத் திருகித் திறந்தேன். (அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.) பெட்ரோல் தளும்பியது. மூடினேன். அடுத்து பிளக். கழற்றித் துடைத்து மாட்டி உதைத்தேன். உடனே ஸ்டார்ட் ஆனது. மெதுவாக ஓட்டி வெளியே கொண்டுவந்தேன். எங்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதால் எல்லோரையும் இறுதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"பிளக்தான்" என்றேன், ஹெல்மெட்டைக் கழற்றியபடி. ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர் தோரணையில்.

அம்மா, வெயிலில் வெடித்திருந்த பொட்டின் மேல் இன்னொரு பூச்சு வைத்தாள்.

இரண்டாம் தடவையும் அதே கதை. மூடியைத் திறந்தேன், பெட்ரோல் இருந்தது, மூடினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஓடியது. "ஒயர்தான்" என்றேன். பிளக்கைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"ஒயருமில்ல, கியருமில்ல" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தின் எந்தக் காரியத்துக்கும் வேனோடு வந்துவிடுகிறவர். "காலைல அக்கா பொட்டு வச்சுச்சு, கெளம்பிருச்சு. போன தடவையும் அப்படித்தான். இன்னும் கொஞ்சம் கனமா வையிக்கா."

அம்மா கனமாக வைத்தாள்.

இறுதிப் போட்டியில் நான் முதல் சுற்றை முடித்தபோது இரண்டு பேருக்கு முன்னால் இருந்தேன். வாழ்க்கையில் வேறெந்த வரிசையிலும் நான் இவ்வளவு சந்தோஷமாக நின்றதில்லை. அடுத்த சுற்றில், கண்மாயின் தூரத்து வளைவிலிருந்து நிமிர்ந்தேன். கைக்குக் கீழே வண்டி செத்தது.

பின்னால் வந்தவர் என்னை எதிர்பார்க்கவில்லை. அவருடைய ஹேண்டில் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அவ்வளவுதான். காயம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில், அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

வண்டியை ஓரத்துக்கு உருட்டிக் கரையைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். கத்தவில்லை, கையசைக்கவில்லை. வார்டில் ஸ்ட்ரெச்சர் வரும்போது வாசலில் நிற்பாளே, அப்படி நின்றிருந்தாள்.

"பதினாலாம் நம்பர் வண்டி நிண்டு விளையாடுதப்பா! நிண்டு விளையாடுது!" என்றார் மைக்காரர். யாரையும் கிட்டே நெருங்கவிடாமல் வாடிவாசல் முன் நின்று ஆட்டம் காட்டும் காளைக்குச் சொல்கிற உச்சபட்சப் பாராட்டு அது. கரை முழுக்கச் சிரித்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். என் வரிசையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், வேறெதுவும் தெரியாததால். மற்ற வண்டிகளெல்லாம் கண்மாயின் அந்தக் கோடிக்குப் போயிருந்தன. மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ்.

ஹெல்மெட்டுக்குள் இருந்தவரை கேட்காத சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. கம்பெனியில் தினமும் கேட்கிற சத்தம்தான். காற்றுப் போக வழியில்லாத பாத்திரத்தைத் திறந்தால் இப்படித்தான் கேட்கும். பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமென்றால், இறங்கிய இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகவே டேங்க் மூடியின் நட்டநடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளையின் மேல், மூன்று பூச்சு கனத்தில், அடைபோல, என் அம்மாவின் சந்தனம்.

பிளக்குக்கும் ஒயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது. வண்டி அப்போதே குணமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதைத் தொட்டேனோ அது பேர் வாங்கிக்கொண்டது.

கட்டைவிரலால் துடைக்கப் போனபோதுதான் மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், உடம்பெல்லாம் கண்மாய் மண்ணோடு.

"தொடைக்காதத்தா! அக்கா பாக்குது!"

"மாமா, இதுதான் அடைச்சிருக்கு."

"எது?"

"சந்தனம்."

மாமா கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீயே சொல்லிக்க. நான் இந்தப் பக்கமே வரல."

"யோவ் வேட்டி! வண்டியத் தொட்டுறாதீங்க, தொட்டா வண்டி அவுட்டு!" என்றது மைக். மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

துடைத்தேன். விரலில் ஒட்டிய சந்தனத்தைத் தரையில் உதற மனசு வரவில்லை. பேண்ட்டில் துடைக்கவும் வரவில்லை. நெற்றியில் இழுவிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினேன். உதைத்தேன்.

எல்லோரும் முடித்த பிறகும் நான் ஓடிக்கொண்டிருந்தேன். கொடி பிடிப்பவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கலர் குடித்துக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் அவசரமாகப் பாட்டிலைக் கீழே வைத்து, கொடியை விரித்து ஆட்டினார். அந்த மரியாதையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு எல்லோரும், அப்பா உட்பட, மாமாவின் வேனில் திரும்பினோம். அம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடி தொடச்ச?"

வழியில் ஒரு பொய் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். ஆனால் பழுதின் காரணத்தை மாற்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை. சொன்னேன். மூடி, துளை, காற்று. பாதி சொல்லும்போதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"டிரிப்ஸ் பாட்டில்ல காத்துக்கு ஊசி குத்தலேண்டா சொட்டு எறங்காதே, அந்த மாதிரியா?"

"அதேதாம்மா."

சமயநல்லூர் வந்ததும் அம்மா கேட்டாள். "அந்தப் பையன் ஒம்மேல ஏத்தியிருந்தாண்டா... நான் வச்சதுனாலயாடி?"

முன்சீட்டில் மாமா கண்ணாடியைச் சரிசெய்வதுபோல வேறு பக்கம் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னேன்.

"வண்டி ஏன் நின்னுச்சு? பெட்ரோல் எறங்கல. ஏன் எறங்கல? காத்துப் போகல. ஏன் போகல? ஓட்டை அடைச்சிருந்துச்சு. ஏன்? மூடி மேல சந்தனம். மூடி மேல ஏன்? நான்தானே அங்க வைக்கச் சொன்னேன். இன்ஜினைக் கோத்தது நான். ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சவ நான். அஞ்சு கேள்வி முடிஞ்சிருச்சும்மா. உன் பேர் அதுல இல்ல."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஆறாவதா ஒரு கேள்வி இருக்குல்ல? பொம்பளப் புள்ள, ஆம்பளப் புள்ள யாராயிருந்தாலும், ஒனக்கு எதுக்குடி இந்த ரேசு?"

முதல் சுற்றில் இரண்டு பேருக்கு முன்னால் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"பாத்தேன்" என்றாள் அம்மா. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அப்புறம்தான் அந்த ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்தது. நடுவுல நிண்டுருச்சு, அதனால வண்டியை விற்க வேண்டும் என்றாள் அம்மா. கொடி வரைக்கும் போயிருச்சு, அதனால நீ வாயைத் திறக்கக் கூடாது என்றார் அப்பா. இரண்டுமே நடந்திருந்தன. வேன் ஊருக்குள் நுழையும்போது ஆரம்பித்த வாக்குவாதம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் மறு விசாரணைக்கு வருகிறது. புதிதாகக் கல்யாணமாகி வருகிறவர்களையெல்லாம் நடுவராக உட்காரவைக்கிறோம். மாமாவை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை, அவர் தான் விழவே இல்லை என்கிறார். வீட்டில் மிக்ஸி நின்றாலும், ஃபேன் நின்றாலும், அப்பா பேச்சை மறந்து பாதியில் நின்றாலும், "நிண்டு விளையாடுது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

இப்போதைய நிலவரம்: வண்டி இன்னும் விற்கப்படவில்லை. அம்மா இன்னும் வாயை மூடவில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் வருகிறாள். டேங்க் மூடியின் நடுவில் சந்தனம் வைக்கிறாள். பிறகு கைப்பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு டிரிப்ஸ் ஊசியை எடுத்து, உறையைப் பிரித்து, பொட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்திவிட்டு, காற்றுப் போகிறதா என்று என்னைக் கேட்கிறாள். போகிறது. நான் இதுவரை ஜெயிக்கவில்லை.