தங்கச்சி முன்னால் வாய் திறந்தது

சிட்னியில் சீரோடு வாழும் என் அக்காள் மகள் லுபேக்கு, நுகுஅலோஃபாவிலிருந்து தாய்மாமன் ஹோபோவாதே எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் மாமி இலைசானே, பிள்ளைகள் நால்வர், பன்றிகள் பதினொன்று, யாவரும் நலம். உங்கள் வீட்டுக் கூரையையும் கர்த்தர் காப்பாராக.

இப்போது நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று போன மாதமே சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை, அது என் தப்பா?

போனில் நீ, "பல்லை டாக்டர்கிட்ட காட்டுங்க மாமா" என்றாய். அக்காள் மகள் கேட்டால் படகையே அவிழ்த்துக் கொடுக்கிற டோங்கா மாமன், பல்லைக் காட்ட மாட்டேன் என்பானா? ஆனால் பயம் வேறு விஷயத்தில். வருகிற ஞாயிறு சபையில் தனிப்பாட்டு எனக்கு. பன்னிரண்டு வருஷம் பின்வரிசையில் நின்று கிடைத்தது. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் மூன்று வாரமாகக் குத்துகிறது. அதைப் பிடுங்கினால் ஓட்டை வழியே காற்றுப் போகும், பாட்டும் போகும். பல்லின் வேர் நேரே தொண்டையில் முடிகிறது என்பது படித்தவர்களுக்கே தெரியாது.

தனியாகப் போகிறேன் என்றேன், விட்டார்களா? குடும்பமே பாய், மரவள்ளிக்கிழங்கு, சுட்ட பன்றித் தொடை சகிதம் கிளம்பி, டாக்டர் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து ஜெபம் பண்ணினார்கள். பல் வலியோடு வந்த ஒரு போலீஸ்காரர் தொடையைப் பார்த்ததும் வலி போய்விட்டது என்று உட்கார்ந்துகொண்டார். மரியாதைக்கு இடுப்பில் சுற்றிய பாயோடு உள்ளே போனேன். சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு, தட்டில் ஊசி. டாக்டரம்மா திரும்பினாள். அந்தத் தாடையைப் பார்த்தேனோ இல்லையோ, இரண்டடி பின்வாங்கினேன். வவாவு தீவுக்குப் போய்த் திரும்பாத என் சித்தப்பாவின் தாடை!

"நீ என் தங்கச்சி!" என்று கத்தினேன். முன்னறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டாக்டர் லெசியெலி கண்ணாடியைக் கழற்றினாள். "எங்கப்பா இந்தத் தீவுல நமக்கு ஆளு இருக்குன்னு சொல்லுவாரு. யாருன்னு சொல்லாமலே போயிட்டாரு... அண்ணே!" என்று ஒரே அழுகை.

"அப்ப நான் கிளம்புறேன் தாயி. தங்கச்சி முன்னாடி மல்லாக்கப் படுத்து வாயைப் பொளக்கிற வம்சமா நாம?"

அண்ணன் இருக்கிற அறையில் தங்கச்சி உரக்கச் சிரிக்காத ஊர் இது. நியாயம் என் பக்கம். வாசல்வரை வந்துவிட்டேன். குறுக்கே உன் மாமி.

"இடுப்புப் பாயை அவுருங்க."

"எதுக்குடி?"

"மூஞ்சிய மூடத்தான். நீங்க அவளைப் பார்க்க வேணாம், அவ உங்களைப் பார்க்க வேணாம். வாய்க்கு ஏது அண்ணன் தங்கச்சி?"

பாயை முகத்தில் போர்த்தி வாயை மட்டும் வெளியே விட்டார்கள். நான் அலறுவதற்குத் தயாராக மூச்சை இழுத்தேன். இழுத்த மூச்சு அப்படியே நிற்கிறது, அதற்குள் "முடிஞ்சுது அண்ணே" என்கிறாள். வலியே இல்லை லுபே! இப்படி ஓர் அதிர்ச்சியை நான் புயலில்கூடப் பட்டதில்லை. சொத்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. பல்லிடுக்கில் மீன் முள், என் கணக்கில் ஒரு முழ நீளம். "இருபத்தெட்டும் கல்லு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு குடும்பமே வரிசையில் நின்று பல்லைக் காட்டியது. போலீஸ்காரரும் எங்கள் வரிசையிலேயே நின்றார்.

ஆக, ஞாயிறு தனிப்பாட்டு எனக்கே. உன் அம்மாவுக்கு என் வணக்கம். உன் வாயில் நல்ல சோறும் நல்ல சொல்லும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
பல் பழுதில்லாத மாமன்,
ஹோபோவாதே

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் லெசியெலி, இலையில் பொதிந்த கறியோடு வந்தாள். கூடவே அவள் மகன் மனாசே, ஆறடி ஆள், நல்ல குரல். வீடே பார்த்திருக்க, "மாமா, ஞாயித்துக்கிழமைப் பாட்டு எனக்கு வேணும்" என்றான். தங்கச்சி மகன் கேட்டால் இல்லையென்று எந்த மாமன் சொல்வான்? கொடுத்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லாதே லுபே. எனக்குச் சித்தப்பாவே கிடையாது. அந்த அம்மாள் யாரென்றும் தெரியாது. ஊசியைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓட ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.