களாக் கடைக்குப் பெயர் வந்த கதை

வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் கையில் மைக் கொடுக்கக் கூடாது. நோன்பு காலத்தில் அறவே கொடுக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் இது சட்டம். சட்டம் வந்ததே என்னால்தான்.

அப்போது நான் ஒலுவில் கெம்பஸில் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரைக்கும் சொற்களின் பூர்வீகம் தேடித் திரிந்துகொண்டிருந்தேன். யாராவது சமையலறையைக் ‘குசினி’ என்றால் போதும், அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று சமைக்கிறவரிடமே போய் விளக்குவேன். (உம்மா அகப்பையோடு துரத்தியிருக்கிறா.) இப்படிப்பட்ட எனக்குத்தான் சஜீனாவைப் பேசியிருந்தார்கள். இரண்டு பக்க உம்மாமாருக்கும் விருப்பம். எனக்கோ, இந்தச் சம்பந்தம் தவறினால் இனி உலகத்தில் பெண்ணே இல்லை என்கிற அளவுக்கு விருப்பம். பெண்ணின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியார் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ‘பெருநாள் கழியட்டும், பாப்பம்’ என்று நிறுத்தி வைத்திருந்தார்.

ஹாஜியாருக்குக் கல்முனை மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை. அந்த வருஷம் அதை இடித்துக் கட்டி, ஏசி பூட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ‘ஹோட்டல்’ என்றிருந்த போர்டைக் கழற்றி ‘பெமிலி ரெஸ்டூரண்ட்’ என்று மாட்டியிருந்தார். நோன்பு திறக்கும் நிகழ்ச்சியோடு கடைத் திறப்பு. அதற்கு இரண்டு நாள் முந்தி என்னைக் கூப்பிட்டார்.

“ஹோட்டல் எண்டு கிடந்தத ஏன் மாத்தின எண்டு சனம் கேக்குது. நீங்க படிச்ச ஆள். பாங்கு சொல்ற வரைக்கும் அதப் பத்தி ரெண்டு சொல்லுக் கதைங்க மகன்.”

எனக்கு விளங்கிவிட்டது, இது மாப்பிள்ளைப் பரீட்சை. இரண்டு சொல் கேட்டவருக்கு நான் இருபது சொல் தயார்பண்ணினேன்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள், வர்த்தகர்கள், மௌலவி எல்லோரும் ஆளுக்கொரு ஈத்தம்பழமும் கஞ்சிக் கோப்பையும் தண்ணீர்க் கிளாசும் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரே ஒரு சிக்கல். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் உள்ளே பஸ் ஹோர்ன்கூடக் கேட்காது, பள்ளிவாசல் பாங்கு எப்படிக் கேட்கும்? அதனால் ஹாஜியாரின் தம்பி வெளியே நிற்பார். பாங்கு கேட்டதும் கையை உயர்த்துவார். வாசலைப் பார்த்து நிற்கிறவன் நான் ஒருவன்தான். சபை முழுக்க வாசலுக்கு முதுகு காட்டி என்னைப் பார்த்தபடி. கை உயர்ந்ததும் நோன்பு திறக்கலாம் என்று நான்தான் அறிவிக்க வேண்டும். போதாக்குறைக்கு, சபை மரியாதை என்று எல்லோருடைய ஃபோன்களையும் நிறுத்தச் சொன்னவனும் நானே. (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.)

பிஸ்மில் சொல்லித் தொடங்கினேன். ‘ரெஸ்டூரண்ட்’ என்பது பிரெஞ்சுக்காரரின் சொல், தேய்ந்த உடம்பைத் தேற்றும் இறைச்சி சூப்புக்கு முதலில் வைத்த பெயர், பிறகுதான் அது விற்கிற இடத்துக்கு வந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த சூப்பில் எலும்பு எப்படி வேகும், மேலே எண்ணெய் எப்படி மிதக்கும் என்று பசித்திருந்த சபைக்கு விளக்கினேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சபையைத் தட்டி எழுப்ப ‘ஹோட்டல்’ பக்கம் போனேன். ஹோட்டலும் ஹொஸ்பிட்டலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிச் சிரிப்பை எதிர்பார்த்தேன். கடை திறக்கிற அன்றைக்கு ஆஸ்பத்திரியை இழுக்கிறானே என்பது ஹாஜியார் முகத்தில் தெரிந்தது. எனக்கு வியர்த்தது. அந்த ஏசியிலும் வியர்த்தது.

உடனே ‘கண்டீன்’ என்று தாவினேன். இத்தாலியில் அதன் மூலம்... வைன் வைக்கிற நிலவறை. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, மௌலவியைக் கண்டு திரும்பிப் போனது. ‘தவறணை’ என்று தொடங்கினேன். அட பாவி, அது கள்ளுக்கடையல்லவா! சும்மா இருந்த சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சரி, ‘கபே’ பாதுகாப்பானது, அறபியிலிருந்து வந்தது, ‘கஹ்வா’ என்று மௌலவிக்கே விருந்து வைப்பதுபோல அழுத்திச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, கோப்பிக்கு முந்தி அந்தச் சொல் எதைக் குறித்தது என்று. அங்கேயும் மது! எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒருவன் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மௌலவி, “ம், கஹ்வா... மறுகா?” என்று அடுத்ததைக் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சஜீனா குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பதும் தெரியும். என் வாழ்க்கை கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. மேடையில் பேசுகிறவன் என்ன செய்வான்? கை தன்பாட்டுக்கு நீண்டது. கிளாசை எடுத்தேன். முழுக்கக் குடித்தேன்.

கிளாசை வைத்துவிட்டு நிமிர்ந்தால் சபையே வாய் அசைக்கிறது. வாசலைப் பார்த்து நிற்கிறவன் குடித்துவிட்டான் என்றால் பாங்கு சொல்லியாயிற்று என்றுதானே அர்த்தம்? ஈத்தம்பழம் போய்விட்டது, கஞ்சி போய்க்கொண்டிருந்தது. ஹாஜியார் முதல் மிடறைக் குடித்துவிட்டு, அந்தப் பேச்சு ஒருவழியாக முடிந்த நிம்மதியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் வாசலைப் பார்த்தேன். ஹாஜியாரின் தம்பி கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார்.

“இன்னும் பாங்கு சொல்லல்ல,” என்றேன். துரதிர்ஷ்டம், மைக் நன்றாக வேலை செய்தது.

பாதி கடித்த பழங்கள் அப்படியே கோப்பையோரம் இறங்கின. ஒருவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, வாயிலிருந்ததை அதில் துப்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள், நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். அந்தக் கை உயர்வதற்குள் எனக்குத் தலை நரைத்திருக்க வேண்டும்.

கடைசியில் கை உயர்ந்தது. அறிவித்தேன். ஒருவரும் நம்பவில்லை. மௌலவி எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, தன் காதாலேயே பாங்கைக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு தீர்ப்பும் சொன்னார்.

“மறந்து குடிச்சவர்ர நோன்புக்கு ஒரு குறையும் இல்ல. அது அல்லாஹ் குடுத்த தண்ணி. நேரம் வந்திட்டெண்டு நம்பி வாயில வெச்ச நாமதான் எல்லாரும் களா புடிக்கணும்.”

களா என்றால் தவறிய நோன்பைப் பிறகொரு நாள் பிடித்து ஈடுகட்டுவது. ஆக, சபையையே கவிழ்த்தவனின் நோன்பு மட்டும் பத்திரம்! நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கஞ்சி குடித்தார். உம்மா அன்றிரவே வேறு இடம் பார்க்கும் கதையை எடுத்துவிட்டா. நான் சாப்பிடாமல் படுத்து அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பெருநாள் கழிந்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் களா பிடித்து, அதே கடையில் நோன்பு திறப்பதென்று ஹாஜியார் ஏற்பாடு செய்தார். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போய்க் கடைசி மேசையில் குந்தினேன். கோப்பை பரிமாறிக்கொண்டு வந்த ஹாஜியார் என் முன்னால் நின்றுவிட்டார். காய்ந்துபோயிருந்த என் உதட்டைப் பார்த்தார்.

“உங்களுக்குக் களா இல்லயே மகன்?”

“இல்ல ஹாஜியார். எண்டாலும் புடிச்சன்.”

அவர் என் முன்னாலிருந்த தண்ணீர்க் கிளாசை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.

“இனி ஹாஜியார் எண்டு கூப்பிட வேணாம்,” என்றார். “மாமா எண்டு சொல்லுங்க.”

அன்று பாங்கு சொன்னதைக் கேட்டது என் காது மட்டும் இல்லை, முழு உடம்பும்.

கல்யாணச் சாப்பாட்டில் நான் கையை வைத்த பிறகும் சபை சும்மா இருந்தது. மௌலவி சாப்பிட்டதைக் கண்ட பிறகுதான், பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் கை வைத்தார்கள். இன்றைக்கும் நோன்பு திறக்கக் குந்தினால் சஜீனா என் கிளாசை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வாள்.

‘பெமிலி ரெஸ்டூரண்ட்’ என்ற போர்டு இன்னும் தொங்குகிறது. வாசிக்கிறவர்தான் யாருமில்லை. ஊருக்கு அது ‘களாக் கடை’. பொத்துவிலிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான் வழி கேட்கிறார்கள். போன வாரம் என் மகள், “வாப்பா, களாக் கடையில கொத்து ரொட்டி வாங்கி வாங்க,” என்றாள். விடுவேனா? ‘களா’ அறபுச் சொல், ‘கடை’ தமிழ்ச் சொல் என்று தொடங்கினேன்.

“தெரியும் வாப்பா,” என்றாள். “உம்மா சொல்லித் தந்தா. அந்தச் சொல்லு உங்கட தொண்டையில இருந்து வந்ததாம்.”