தவறே செய்யாத இருவர்

மனிதன் நெருப்பைக் கண்டதற்கு அடுத்த மாபெரும் கண்டுபிடிப்பு, நெய்வேலி நகரியத்தில் பத்தொன்பதாம் பிளாக்கில், ஏசி அறை ஒன்றில் நிகழ்ந்தது. நிகழ்த்தியவர் ஜெயப்பிரகாஷ். சுரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் ஆள் அனுப்பும் கம்பெனியில் வருகைப் பதிவுச் செயலிக்கு அவர்தான் பொறுப்பு.

யார், எந்த நொடியில், எங்கே அழுத்தினார் என்பதையெல்லாம் செயலி குறித்துவைக்கும். அதைப் படித்தால் செயலி எங்கே மக்கர் பண்ணுகிறது என்று புரியும். இது விஞ்ஞானம். ஜெயப்பிரகாஷ் இரண்டு வாரம் கண் சிவக்கப் படித்தார். தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு, சுரங்க கேட்டருகே, முப்பத்தெட்டு போன்கள் வரிசையாக, திரை குறுக்குவாக்கில் திரும்பும்படி படுக்கவைக்கப்படுகின்றன. அதன் பிறகே வருகை பதிவாகிறது. அடுத்தடுத்த நொடிகளில், ஒரே மாதிரி அழுத்தம்; அழுத்துவது ஒரே விரல்.

"செயலியில குறையே இல்ல. இது 'பயனர் குறை'," என்றார் மேலாளர் விஜயராஜ். "வராதவனுக்கெல்லாம் எவனோ வருகை போடுறான். கேட் பாஸைப் புடுங்குய்யா."

தினமும் முதலில் பதிவாகும் போனை வைத்து, விரலின் உரிமையாளர் வரவழைக்கப்பட்டார். கன்வேயர் பெல்ட்டடியில் சிந்தும் கரியை வாரும் மலர்விழி.

"ஏம்மா, எல்லாருக்கும் நீதான் அழுத்துறியா?"

"ஆமாங்க சார். 'வந்துவிட்டேன்' பட்டன் மேல உங்க பாதுகாப்பு உறுதிமொழி ஏறி ஒக்காந்துகினு இருக்குது. போனைக் குறுக்கால படுக்கப் போட்டா பட்டன் ஓரமா நூலாட்டம் தெரியும். நகத்தால குத்தணும். கரி வாரி எல்லாருக்கும் நகம் தேஞ்சிபோச்சு. எனக்குச் சுண்டுவிரல்ல மட்டும் கெடக்குது."

"பதிவுல நகம்னு எதுவும் இல்லையே," என்றார் ஜெயப்பிரகாஷ், ஆழ்ந்த கவலையோடு.

"கேட்ல வந்து யாரையாச்சும் கேளுங்க சார்."

"கேட்கிறது விஞ்ஞானம் ஆகாதும்மா."

மலர்விழி கழுத்தில் தொங்கிய கேட் பாஸை இறுகப் பிடித்துக்கொண்டார். "உங்க ரெண்டு பேரு பதிவும் அதுல இருக்குதா சார்?"

ஜெயப்பிரகாஷ் பெருமையோடு திறந்து காட்டினார். "பாரு. ஆறு மாசமா ஒரு தப்பு அழுத்தம் உண்டா?"

"தொறக்கவே இல்லியே சார்?"

"அதான் தப்பே வரல!" என்றார் விஜயராஜ்.

கேட் பாஸ் மேஜை டிராயருக்குள் போனது. மறுநாள் காலை மீதி முப்பத்தேழு பேரும் கேட்டில் போனைத் தடவித் தடவிப் பார்த்து, அலுத்துப்போய்ப் பையில் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் யாரும் போனை வெளியே எடுக்கவே இல்லை. பதிவு பளிச்சென்று இருந்தது. ஒரு போனும் படுக்கவில்லை, ஒரு தப்பு அழுத்தமும் இல்லை, வந்தவர் என்றும் ஒருவரும் இல்லை.

ஜெயப்பிரகாஷ் விஜயராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஜெயிச்சிட்டோம் சார். இப்ப எல்லாரும் செயலியை நம்ம மாதிரியே பயன்படுத்துறாங்க!"